எழுபத்தொரு கட்டங்கள்

ஆறாவது முறையும் எண்ணெய் பிரிந்துபோனது.
கொழும்பின் ஏப்ரல்; ஆய்வுகூடத்து ஏசி பழுது.
பீக்கரில் மேலே மஞ்சள் ஆடை, அடியில் தண்ணீர்,
சண்டைக்குப் பின் ஒரே வீட்டில்
பேசாமல் நடமாடும் இருவர் மாதிரி.

தேன்மெழுகைக் கூட்டினேன். சூட்டைக் குறைத்தேன்.
கபோஸ் லேனில் வாங்கிய வல்லாரையில்
பாதி வேறேதோ இலை.
நுண்காட்டி சொன்னது, கடைக்காரர் சொல்லவில்லை.
கடுவெலைக்குப் போய்ச் சேற்றில் இறங்கி
நாங்களே பறித்து வந்தோம்.
ஏழாவது குழைந்து நின்றது.
மூன்று மாதம் அலுமாரியில் வியர்த்தும்
பிரியாமல் நின்றது.

பிறகு மூலிகையே இல்லாத ஒன்று செய்ய வேண்டியிருந்தது.
அதே மெழுகு. அதே பச்சைக்குச் சாயம்.
அதே கசந்த மணத்துக்கு இரண்டு துளி.
உண்மையானதைவிட இதற்குத்தான் நாள் பிடித்தது.
டப்பிகளுக்குச் சுனேத்ரா எண் ஒட்டினாள்,
எந்த எண்ணுக்குள் எது என்று
பணிப்பாளரின் பெட்டகத்தில் ஓர் உறை அறியும்.

இலக்கம் பத்தொன்பது:
நிஸ்தார், கிராண்ட்பாஸ், ஓட்டோ சாரதி,
சீனி வருத்தம் பதினாறு வருடம்.
வலது உள்ளங்கால், பிரேக் மிதிக்கும் இடம்.
பாட்டாவில் ஏறிய ஆணியோடு
இரண்டு நாள் மருதானைக்கும் புறக்கோட்டைக்கும் ஓடியிருக்கிறார்.
"நொந்திருந்தா முந்தியே வந்திருப்பேனே மிஸ்."

கண்ணாடித் தாளைப் புண்ணின்மேல் வைத்து
விளிம்போடு பேனையை நகர்த்துவேன்.
"இலங்கைப் படம் மாதிரி" என்றார்.
எனக்குக் கஜுப்பருப்பாய்த்தான் தெரிந்தது.
கட்டத் தாளில் வைத்து எண்ணினோம்: எழுபத்தொன்று.

அடுத்த செவ்வாய் அறுபத்தொன்பது.
அதற்கடுத்தது எழுபத்துநான்கு.
மச்சானின் மகளுக்குக் கல்யாணமாம்;
வட்டலப்பம் பற்றிச் சுனேத்ரா கேட்டாள்,
சுவரில் இருந்த கலண்டரை அவர் வாசித்தார்.
ஐம்பத்திரண்டு. முப்பத்தெட்டு.
பாட்டாவைக் கழற்றி மூடிய செருப்பு,
உள்ளே அளந்து வெட்டிய பஞ்சுத் துண்டு.
இரவில் முகக்கண்ணாடி பிடித்து
உள்ளங்காலைப் பார்ப்பது பரீதாவின் வேலை.
ஒன்பது.
பன்னிரண்டாம் செவ்வாய் பேனை வெறுமனே நின்றது,
சுற்றி வரைய விளிம்பு இல்லை.

மறுவாரம் எங்களுக்கு வட்டலப்பம் வந்தது.
அவர் ஒரு கரண்டியும் தொடவில்லை.
"அந்தப் பச்சை மருந்துல இன்னும் ஒரு டப்பி,
நானாவுக்கும் கால்ல இருக்கு."

ஜூலையில் உறையைப் பிரித்தோம்.
மூலிகை வென்றிருந்தது, கொஞ்சம்தான்;
சராசரியில் சில நாட்கள்.
பத்தொன்பதுக்கு நேரே: சாயம்.
இருபதுக்கு நேரே: மருந்து.
இருபது, கொட்டாஞ்சேனை திருமதி பிலோமினா.
மே மாதம் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

சொல்லத்தான் வேண்டும், விதி.
சொன்னேன்.
"அப்ப அந்த மணம்?"
"இரண்டு துளி."
ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தபடியே இருந்தார்,
அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.
"மருந்து கிடைச்சவங்களுக்குச் சொகமா?"
பலருக்கு, என்றேன்.

அறிக்கையில் எழுதினேன்:
ஒப்பீட்டுக் குழு, பன்னிரண்டு வாரம், மூடியது.
குறிப்பு என்ற சிறிய பெட்டியில்
பஞ்சு, முகக்கண்ணாடி, செவ்வாய் என்று தட்டிவிட்டு
ஒவ்வொன்றாய் அழித்தேன்.
அதற்கு அலகு இல்லை.

மழை. பொரளைச் சந்தி வரை அவரே ஏற்றிப்போனார்,
காசு வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார்.
எட்டாவதில் மெழுகைக் குறைக்கலாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
சிவப்பு விழுந்தது.
மூடிய செருப்பு பிரேக்கில் இறங்கி, வண்டி நின்றது.
மிதித்தது தெரிந்ததா என்று
நான் கேட்கவில்லை.